கொக்கி

கோஜே தீவில்
கப்பல் பட்டறையின் ராட்சதப் பளுதூக்கிகள்
விளக்கணைக்காத வெள்ளி இரவு.
ஓக்-பூன் அக்காவின் ஒன்பதாம் மாடி வீடு.
அடியில் வெந்நீர் ஓடும் தரையில்
சப்பணமிட்டு ஏழு பேர்,
நடுவே ஒரு தட்டு கமலா ஆரஞ்சு,
ஆளுக்கொரு வேதம், ஆளுக்கொரு நோட்டு.

பாகம் சின்னது. மூன்று முறை வாசித்தோம்.
காணிக்கையோடு போகிறவன்
பீடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு
ஒருவனை நினைத்துக்கொள்கிறான்.
கொண்டுவந்ததை அங்கேயே விட்டுவிட்டு
வந்த வழியே திரும்பி நடக்கிறான்.
"அதுவரை அந்த ஆட்டை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்றான்
கல்லூரிப் பையன் சே-வூங்.
சிரித்தோம்.

பிறகு வழக்கமான கேள்வி:
இந்த வாரம் இதை எப்படிச் செய்வீர்கள்?
பேனாக்கள் குனிந்தன.
மாமியாருக்கு போன் செய்வேன்.
கார் ஓட்டும்போது யாரையும் திட்டமாட்டேன்.
இன்னும் பொறுமையாக இருப்பேன்.
இது நான்;
போன வாரமும் இதுதான், அதற்கு முந்தின வாரமும்.

பில்-சூன் நோட்டைத் திறக்கவில்லை.
"இதில் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை" என்றாள்.
"எழுந்து போகவேண்டியது மனத்தாங்கலுக்குக் காரணமானவர்.
நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவள்.
நாலு மாதமாகக் கதவைப் பார்த்துக்கொண்டு."
என் பக்கம் திரும்பவில்லை.
ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்தாள்,
தோல் அறாமல், ஒரே சுருளாக.

அவள் கணவன் சாரத்திலிருந்து விழுந்த அன்று
மேற்பார்வையாளன் நான்.
படிவத்தில் ஒரு கேள்வி:
பாதுகாப்பு வார் மாட்டியிருந்தாரா?
மாட்டியிருந்தான்.
கொக்கிதான் துருவேறி வாய் பிளந்திருந்தது.
மேலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.
இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
சின்னக் குறி, கொசுக்கால் அளவு.
இழப்பீட்டில் பாதியைத் தின்றது.

அக்காவின் ஜெபக் குறிப்பேட்டில்
அன்றுமுதல் முதல் வரி:
பில்-சூன் கணவர், இடது கால்.
பதினாறு வெள்ளி.
பதினாறு முறையும்
என் ஆமென்தான் எல்லாவற்றிலும் சத்தமானது.

எங்கள் ஊர் வழக்கம்
எல்லாரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபிப்பது.
ஏழு குரல் சேர்ந்தால் அருவி.
அருவிக்குப் பின்னால் ஒளிய ஓர் இடமுண்டு,
எனக்கு நன்றாகப் பழகிய இடம்.
அன்றும் தொடங்கியது.
கண்ணை மூடினேன். வாயைத் திறந்தேன்.
ஒன்றும் வரவில்லை.
சும்மா இருந்ததால் எண்ண முடிந்தது:
ஐந்து குரல்.
மறுபடி எண்ணினேன். ஐந்துதான்.
அத்தனை இரைச்சலுக்கு நடுவே
எனக்கு எதிரே இன்னொருத்தி
வாய்மூடி இருந்தது கேட்டது.

"மாட்டியிருந்தான்" என்றேன்.
"சத்தமாகச் சொல்லுங்கள்" என்றாள்.
சொன்னேன்.
குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன,
கடைசியில் கொஞ்சம் காது மந்தமான பெரியவர் சங்-கில்.
யாரும் ஆமென் சொல்லவில்லை.
அக்கா எழுந்துபோய் பார்லித் தேநீர் கொண்டுவந்தாள்.
எல்லாருக்கும் ஊற்றினாள்.
எனக்கும்.

திங்கள் காலை ஏழரை, பட்டறை அலுவலகம்.
"இப்போது என்ன திடீரென்று?" என்றார் எழுத்தர்.
வசனம் எதுவும் சொல்லவில்லை.
"கொக்கி எண் நானூற்றுப் பதினொன்று. துருப்பிடித்திருந்தது.
நான் எழுதியது பொய். மாற்றி எழுத ஒரு தாள் கொடுங்கள்."
தாள் தேட அவருக்கு நேரமானது.
என் வேலைக்கு என்ன ஆகும் என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
வெளியே வந்தால், வாசலில் சே-வூங்,
வகுப்பை விட்டுவிட்டு, குளிரில் மூக்கு சிவந்து.
"ஆட்டைப் பார்த்துக்கொள்ள வந்தேன்" என்றான்.

மாலை, பில்-சூன் வீட்டு மணியை அடித்தேன்.
அவள் கணவன்தான் வந்தான், ஊன்றுகோல் முன்னால், அவன் பின்னால்.
உள்ளே தொலைக்காட்சியில் ஏதோ விளையாட்டு.
திறந்த கதவை அவன் மூடவில்லை.
வா என்றும் சொல்லவில்லை.
காலணியைக் கழற்றலாமா என்று தெரியாமல்
நின்றுகொண்டிருக்கிறேன்.