கோசோங்

இந்த நகரத்தை நான்
மேலும் கீழுமாகத்தான் பார்த்திருக்கிறேன்.
லிஃப்ட் மெக்கானிக்.
தெருக்கள் குழப்பும், மாடிகள் குழப்பாது.
புளோக் 417:
ஆறில் கருவாடு பொரியும் மணம்,
பதினொன்றில் ஊதுவத்தியோடு ஃபுட்பால் கமெண்டரி,
எட்டில் ஒரு சைக்கிள், அதன்மேல் காயும் பள்ளிச் சீருடை,
வாசலில் ஒன்பது ஜோடிச் செருப்பு.
உள்ளே எத்தனை பேர் என்று
நான் கணக்குப் போடுவதற்குள்
கதவு மூடிக்கொள்ளும்.

வந்த புதிதில் ஒரு காப்பி கேட்டேன்.
கடைக்காரர் திருப்பி ஏழு கேள்வி கேட்டார்.
பின்னால் நின்ற ரிசால்மன் அண்ணன்
என் தோளுக்கு மேலே எட்டிச் சொன்னார்:
'கோப்பி ஓ கோசோங்.'
கறுப்பாக வந்தது. பாலில்லை, சீனியில்லை.
கோசோங் என்றால் மலாயில் காலி.
பூஜ்யத்துக்கும் அதே சொல்.
அன்றிலிருந்து எங்கள் வேலைக்கும் அதே சொல்.
மோட்டார் அறையிலிருந்து அவர் கத்துவார்,
'ஜோ! கோசோங்?'
உள்ளே ஆளில்லை என்று பார்த்து நான் கத்துவேன்,
'கோசோங்!'
பரஞ்சோதி அவர் வாய்க்கு நீளம்.
சம்பளச் சீட்டில் முழுசாக இருந்தால் போதும் என்று
நானும் விட்டுவிட்டேன்.

உணவங்காடியில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்.
அந்த இடம் அதனுடையது.
ஒருவரும் அதை எழுப்புவதில்லை.
அறை தேடிய நாட்களில்
போனில் என் குரல் கேட்டதுமே
'முடிஞ்சிருச்சு' என்றவர்கள் நான்கு பேர்.
ஒரு டிஷ்யூ பாக்கெட்டை முன்னே அனுப்பியிருக்கலாம்
என்று நினைத்துச் சிரித்த நேரத்தில்
என் தட்டிலிருந்து ஒரு மைனா
கோழித்தோலைக் கொத்திக்கொண்டு போயிற்று.
அதுவும் வெளியூரிலிருந்து வந்ததுதானாம்.
நடையைப் பார்த்தால் தெரியாது.

அபாயப் பலகைகளில் என் மொழி
எப்போதும் நான்காவது வரி.
முதல் தடவை பார்த்தபோது
யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலோ
என் பெயர் அச்சாகியிருந்த மாதிரி இருந்தது.
அதையே வாசித்துக்கொண்டு நின்றவனிடம்
பள்ளிப் பையோடு ஒரு பெண் கேட்டாள்,
'அண்ணே, நீங்க இந்தியாவா?'
'ஆமா. நீ?'
'நான் ஈசூன்.'
இரண்டு மாடி கடந்த பிறகுதான்
அந்தப் பதில் எனக்குப் புரிந்தது.

ஏழாம் மாதத்து வெள்ளிக்கிழமை.
கீழ்த்தளத்துக்கு வெளியே தகரப் பீப்பாயில்
இறந்தவர்களுக்கான பணம் எரிந்துகொண்டிருந்தது.
மழை வருமோ என்று அண்ணாந்து பார்த்தபடி
கத்தைகளை வேகமாகப் போட்டார்கள்.
சாம்பல் மேலே போயிற்று, லிஃப்ட் போகவில்லை.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்
உள்ளே ஒரு கிழவி.
பன்னிரண்டாம் மாடி கெக் லியான் என்றார்கள்,
ஹோக்கியன் தவிர வேறெதுவும் பேசமாட்டாள் என்றார்கள்.
எனக்குத் தெரிந்த ஹோக்கியன் நூடுல்ஸ் மட்டும்.

கதவில் இரண்டு தட்டு தட்டினேன்.
இரண்டு தட்டு வந்தது.
மூன்று தட்டினேன்.
ஐந்து வந்தது.
கணக்குப் பிழையா, கோபமா, தெரியவில்லை.
இருபது நிமிடம்.
அலுமினியத்தின் இரு பக்கமும் இரண்டு பேர்,
எண்களை மட்டும் பேசிக்கொண்டு.

மேலிருந்து பழக்கத்தில் வந்தது குரல்:
'ஜோ! கோசோங்?'

நான் வாய் திறக்கவில்லை.
உள்ளிருந்து, உடைந்த மலாயில்,
மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி:
'மானா கோசோங்? சாயா அடா!'

எங்கே காலி? நான் இருக்கிறேன்.

வெளியே வந்தவள் என்னைப் பார்க்கவில்லை.
பையிலிருந்த மீனைத்தான் முகர்ந்து பார்த்தாள்.
சோதனை ஓட்டம் முடியும்வரை
என் கருவிப்பெட்டிமேல் கேளாமலே உட்கார்ந்தாள்.
படிக்கட்டைக் காட்டினேன்.
படிக்கட்டைப் பார்த்தாள், என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தாள்,
எழுந்துபோய் அதே லிஃப்டில் ஏறி
பன்னிரண்டை அழுத்தினாள்.

ஐந்து. ஆறு.
எட்டு.
'ஜோ! கோசோங்?'

பன்னிரண்டில் கதவு திறக்கும் ஓசை
கீழே வந்து சேரும்வரை
நான் பதில் சொல்லவில்லை.