ஓடைக்கு அந்தப் பக்கம் நீதிமன்றம்

நீதிமன்றம் மூன்று ஜீப்பில் வந்தது,
பிளாஸ்டிக் நாற்காலிகளோடு, ஐஸ் பெட்டியோடு.
வறண்ட ஓடையைக் கடந்து
பள்ளத்து யூகலிப்டஸ் நிழலில் உட்கார்ந்து
இந்த நிலம் உங்களுடையதுதானா என்று கேட்டது.

டாஃப்னி சத்தியம் செய்தாள்.
சாலை போடும் கிரேடர் ஓட்டுகிறவள்,
நகக்கண்ணில் டீசல் கறை.

உங்கள் குடும்பம் இங்கே வருவது எந்த மாதம்?
உடும்புக்குக் கொழுப்பு வைக்கும்போது.
அது எந்த மாதம்?
உடும்பைத்தான் கேட்க வேண்டும்.
நாங்கள் சிரித்தோம். நீதிபதி ஈ ஓட்டினார்.

மேசையில் ஒரு வரைபடம்.
செத்துப்போனவன் பெயரை நாங்கள் வாயால் எடுப்பதில்லை.
அதில் அவன் பெயரை அச்சடித்து வைத்திருந்தார்கள்.
டாஃப்னி அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.
எடுக்காமலே மற்றதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

ஊற்றின் பெயர் வந்தபோது
தட்டச்சு செய்த பிலிப்பாவின் விரல்கள் நின்றன.
அவளிடம் இருந்தது ஒரே ஒரு ன.
எங்களிடம்
பல்லைத் தொடுகிற ந உண்டு,
ஈறைத் தொடுகிற ன உண்டு,
மடங்கி அண்ணத்தைத் தடவும் ண உண்டு.
மடக்கிச் சொன்னால் ஊற்று.
மடக்காமல் சொன்னால் மச்சானின் பிட்டம்.
ஆவணப்படி நாங்கள் உரிமை கோரியிருப்பது
பின்னதை.

மூன்று பத்துக்கு, ஒரு வாக்கியத்தின் நடுவில்,
டாஃப்னி எழுந்தாள்.
காற்று திரும்பியிருந்தது.
எறும்புகள் முட்டையோடு
சாட்சியப் பெட்டிமேல் ஏறிக்கொண்டிருந்தன.
எங்கே போகிறீர்கள், விசாரணை முடியவில்லை.
ஓடை வருகிறது.
அதற்கு ஆதாரம்?
வானம் துலக்கிய தட்டு மாதிரி இருந்தது.
குழந்தைகளை, நாய்களை, கெட்டிலைத் தூக்கிக்கொண்டு
நாங்கள் மேட்டுக்கரைக்கு வந்துவிட்டோம்.
பதிவேட்டில் இப்படி இருக்கிறது:
சாட்சி எழுந்தார். காரணம் பதிவாகவில்லை.

நாலரைக்கு முதலில் சத்தம் வந்தது,
பிறகு நுரை, மரக்கட்டைகள், ஒரு செத்த கன்று,
அதன் பின்னால் தண்ணீர்.

மூன்று நாள்.
கயிறு கட்டி ரொட்டி அனுப்பினோம், புகையிலையும்.
நீதிபதிக்குச் சர்க்கரை வியாதியாம்,
அதற்கு உடும்பு.
கொழுப்பு வைத்திருந்தது.

மூன்றாம் மாலை பிலிப்பா நீர் விளிம்புக்கு வந்தாள்,
செருப்பைக் கையில் பிடித்தபடி.
அவள் கன்னத்துக்குள் நாக்கு இடம் தேடி அலைவது
இங்கிருந்தே தெரிந்தது.
ஊற்றின் பெயரை இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு டாஃப்னியின் மச்சான் பெர்சி மட்டும் எழுந்து
தொப்பியைக் கழற்றி
அக்கரையைப் பார்த்துக் குனிந்தான்.