சுழி போட்ட வரி

அரவேனுவில் மூன்று மணிக்குக் கரண்ட் வரும்,
அல்லது வராது.
அன்றைக்கு வந்திருந்தது.

ஆவணம் கோக்கும் நிரலுக்குத்
தன் வீட்டுப் பாஷை மட்டும்தான் தெரியும்.
பின்சாய்கோடு, நெளி அடைப்பு,
திறந்ததை மூடாவிட்டால் கோபம்.
நஞ்சுண்டனின் நோட்டுக்கோ
எதையும் மூடிப் பழக்கமில்லை.

கொழுந்து எடை போடுகிறவர்.
ஒரு கை தராசுக் கொக்கியில், மறு கை பேனாவில்.
செயி 14/. 9 ம
என்றால் செல்லாயி, காலையில் பதினாலரை,
மத்தியானம் ஒன்பது, மழை ஈரம்.
பெயருக்கு மேல் கோடு இழுத்தால் வரவில்லை.
கீழே இழுத்தால் அவளுக்குப் பதில் மகள் பறித்தாள்.

இதற்கெல்லாம் இலக்கணம் ஏது என்றார் மேனேஜர்,
நோட்டையே மாற்றச் சொல்லட்டுமா?

வேண்டாம்.
நிரலுக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு.
இந்த வரிகளை நீ தொடாதே,
நான் வாசித்துத் தருகிறேன் என்று
அங்கே ஒரு வாசிப்பானை உட்காரவைக்கலாம்.
ஒரு எழுத்தை எடுக்கும்,
அடுத்ததை எட்டிப் பார்க்கும்,
சரிவராவிட்டால் எடுத்த இடத்திலேயே வைக்கும்,
கோத்தகிரிச் சந்தையில்
பட்டாணியை அமுக்கிப் பார்க்கிறவளைப் போல.

நான்கு நாள்.
ஈரத்துக்கு ஒரு விதி, சாய்கோட்டுக்கு ஒன்று,
புள்ளிக்கு இரண்டு:
காலையை முடிக்கிற புள்ளி,
பேனா கசிந்த புள்ளி.

ஐந்தாம் நாள்
இருநூற்றுப் பதினான்காம் வரியில் நின்றது.
எதிர்பாராத குறி.
புஷ்பமேரி 17, பக்கத்தில் ஒரு சுழி.
பூஜ்யம் இல்லை, அதைவிடச் சின்னது.

நோட்டு முழுக்கத் தேடினேன்.
பதினாறு பேருக்கு மட்டும்.
பதினாறு பேரும் கீழ் லயத்துக்காரர்கள்.

நஞ்சுண்டன் கொக்கியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
"அது எனக்கு மட்டும் மேடம். விட்டுடுங்க."

விடுவதற்கு ஒரே வரி போதும்.
தெரியாத குறி வந்தால் விழுங்கு.
எழுதி ஓட்டியும் பார்த்தேன்:
தாள் அழகாக வந்தது,
கூட்டல் கோணவில்லை,
மேனேஜர் பார்த்தால் டீ வாங்கித் தருவார்.

அழித்தேன்.
தெரியாததை அப்படியே தாளில் விடு,
அதே இடத்தில்,
அதே அளவில்.

சனிக்கிழமை சம்பளத் தாளைச் சுவரில் ஒட்டினார்கள்.
நோட்டு எப்போதும் அவர் கக்கத்தில்தான் இருந்தது,
தன் வரியைப் புஷ்பமேரி பார்ப்பது இதுவே முதல் தடவை.
பெயரை வாசித்தாள், எடையை வாசித்தாள்,
சுழியின் மேல் விரலை வைத்து
எடுக்காமல் கேட்டாள்:
"இது என்னா?"

வரிசை நகரவில்லை.
அவள் தோளுக்கு மேலாக இன்னொரு விரல்,
வேறொரு வரியில்.
மேனேஜர் நஞ்சுண்டனைப் பார்த்தார்.
நஞ்சுண்டன் மேனேஜரைப் பார்த்தார்.
நான் இருவரையும் பார்த்தேன்.

மாலை விதியை எழுத உட்கார்ந்தேன்.
சுழி: இரண்டு கிலோ பிடித்தம். காரணம் இல்லை.
இனி வாசிப்பான் அங்கே நிற்காது.

அதற்குள் கரண்ட் போய்விட்டது.
மறந்துவிடாமலிருக்க
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்,
ஒரு சுழி, பக்கத்தில் 2,
எனக்கு மட்டும் புரிகிற மாதிரி.