பொடி வைத்தல்

பழையபேட்டையில் இரும்பு ஏணி ஏறினால் பட்டறை.
ஆசாரி என்னைவிடச் சின்னவன்,
ஒரு காதில் பாட்டு, மறுகாதில் நான்.
"பத்த வெச்சிரலாம்க்கா, அரை மணி நேர வேலை.
ரெண்டுக்கும் நடுவுல பொடி வெச்சு ஊதினா
ஒரே மோதிரம்."

பொடி வைத்துப் பேசும் நாத்தனார்களோடு
ஒன்பது வருடம் குப்பை கொட்டியவள் நான்.
பொடி வைப்பது
ஒட்டுவதற்கு என்று
இன்றைக்குத்தான் தெரியும்.

நிச்சயத்துக்குப் போட்டது பெங்களூரில் வாங்கியது.
வெள்ளைக் கல், நாலு கொக்கி,
அதில் ஒரு கொக்கி
எந்தப் புடவையைக் கட்டினாலும் நூலை இழுக்கும்.
மற்றது எலத்தகிரி கோயிலில் சாமியார் மந்திரித்தது.
கல் கிடையாது. உள்பக்கம்
பிளவேந்திரன் என்று வெட்ட இடம் போதாமல்
"பிளவே" என்று நின்றுவிட்டது.
பிளவே.
பீடத்தின் முன்னால் அதை யாரும் வாசிக்கவில்லை.

இரண்டுக்கும் நடுவில் பதினாலு மாதம்.
அவன் குவைத்தில்.
அதில் நாலு மாதம் அவன் அழைப்பை எடுக்காமல்
நான் கந்திகுப்பத்தில், பெரியம்மா வீட்டில்.
ஏன் என்று அவனும் கேட்டதில்லை.
இந்தப் பையன் ஊதும்போது
அதையும் சேர்த்து ஊதுவானா?

தராசில் வைத்தான்.
நாலு கிராம் மந்திரித்த மோதிரம்
மூணு எண்ணூற்று அறுபது காட்டியது.
"கல்லு மோதிரம் பதினெட்டு கேரட்டுக்கா, கெட்டி.
உரசி உரசி மெத்துனதைத் தின்னுட்டு இருக்கு."
நூற்று நாற்பது மில்லி.
எங்கே போயிருக்கும்?
மாங்கூழ் கம்பெனி வாசலில் தினமும் கழற்றி
இரண்டையும் ஒரே ஊக்கில் கோத்து
உள்ளே குத்திக்கொள்கிறேன்.
பெங்களூரா சீசனில் பன்னிரண்டு மணி நேரம்
நெஞ்சுக்குப் பக்கத்தில் உரசியிருக்கின்றன.
எனக்குக் கேட்டதில்லை. மெஷின் சத்தம்.

ஒட்டச் சொன்னது அவன்தான்.
காரணம் தேய்மானம் இல்லை.

கல் மோதிரம் மூன்று முறை ஃபைனான்ஸ் போய் வந்தது.
மகனுக்கு டைபாய்டு. போர் மோட்டார்.
மூன்றாவது எதற்கென்று
எங்கள் வீட்டில் கேட்காதீர்கள்.
அது போன மாதங்களில்
மந்திரித்தது மட்டும் விரலில் இருந்தது.
ஞாயிறு பூசையில் பார்த்தவர்களுக்கு
அது போதுமாக இருந்தது.

"ஒட்டிட்டா அடகுக்குப் போகாது," என்கிறான்,
"சாமி மோதிரத்தையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போக
உனக்கு மனசு வராது."
வரும்.
அதுதான் பயம்.

"பின்னாடி பிரிக்கணும்னா?"
"அறுத்துப் பிரிக்கலாம்க்கா. ரெண்டுலயும் தடம் தெரியும்."
பாட்டு மாறியது அவன் காதில். தலை லேசாக ஆடியது.

கழற்றிய விரலைப் பார்த்தேன்.
வெளுத்த தடம் ஒன்றே ஒன்று, அகலமாக.
எது எந்த மோதிரத்துடையது என்று
விரலுக்கே தெரியவில்லை.

கேஸ் சுடரை நீலத்துக்குக் கொண்டுவந்து
"சொல்லுங்கக்கா" என்றான்.
கீழே ரவுண்டானா பக்கம் போகும் பஸ்
மூன்றாவது முறையாக ஹாரன் அடித்தது.

"அந்தக் கொக்கியை மட்டும் நெருக்கிக் குடு."
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான்."
"நாப்பது ரூபா." முகம் சுருங்கிவிட்டது பாவம்,
சுடரை அணைத்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம்.
முந்தானையில் அந்தக் கொக்கி முன்பே இழுத்துவைத்த நூல்
நீளமாகத் தொங்கியது. பல்லால் கடித்து
மந்திரித்த மோதிரத்தின் விளிம்பில் ஏழு சுற்று சுற்றி
அதன்மேல் கல் மோதிரத்தை ஏற்றினேன்.
உரசவில்லை.
அழுக்காகும். மாதத்துக்கு ஒருமுறை
அறுத்துவிட்டு வேறு நூல் சுற்ற வேண்டும்.

போன் வந்தது.
"ஆச்சா?"
"ஆச்சு," என்றேன்.
என்ன ஆச்சு என்று அவன் கேட்கவில்லை.
வரும்போது தக்காளி வாங்கி வரச் சொன்னான்.