எழுபத்துநாலு நிமிடம்

முதல் விதி: கை தட்டாதே.
இரண்டாவது: சேர்ந்து பாடாதே.
பக்கத்தில் நிற்பவன் தோளில் கை போட்டால்
மெல்ல விலகு. துணி உரசினால்
சிம்பலை விடப் பெரிதாக விழும்.
பியர் வாங்கு, குடிக்காதே.
கையில் கிளாஸ் இல்லாதவனைத்தான்
வாசல்காரன் உற்றுப் பார்ப்பான்.

பட்டாணி அளவில் இரண்டு மைக்.
கொலருக்குள் வைத்து நானே தைத்தேன்.
வயர் முதுகால் இறங்கி
இடுப்பில் பற்றரிப் பெட்டிக்கும்
காற்சட்டைப் பையில் மினிடிஸ்க்குக்கும் போகும்.

முந்நூற்றுச் சொச்சம் இரவுகள் இப்படி.
கொள்ளுப்பிட்டியில் நிலவறைக் கிளப்,
கல்கிசை ஹோட்டலின் நீச்சல் தடாகக் கரை,
ஒருமுறை யாரோ ஒருவரின் கலியாணம்,
ஒன்றரை மணித்தியாலம் நிற்காத பைலா.
ஒன்றிலும் நான் இல்லை.
ஐஸ் உடைக்கும் சத்தம் இருக்கிறது.
சப்பாத்தை மிதித்தவனை ஒருத்தி ஏசுவது இருக்கிறது.
துவான் இஸ்மிரின் பேஸ் கிற்றாரில் தடித்த தந்தி
எப்போதும் ஒரு மயிரிழை தாழ்ந்திருப்பதும்.
அவனிடம் சொன்னதில்லை.
சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்பான்.

பதிவு என்றால்
அந்த வருஷங்களில் எங்களுக்கு வேறொன்று.
வெள்ளவத்தைப் பொலிசில் நிரப்புவது:
பெயர், ஊர், எத்தனை நாள், வந்த காரணம்.
தொழில் என்று எழுதினேன்.
கட்டம் சின்னது.

இரண்டாயிரத்து ஏழு, ஒரு வெள்ளி இரவு.
ரொமேனியின் குழு. சனம் அறுபதுக்குள்.
மூன்றாவது பாட்டில் கரண்ட் போனது.
ஜெனரேற்றர் இருமி எழும்பும் வரை
மைக் இல்லாமல் பாடினாள்,
இருட்டில், மேசையில் விரலால் தாளம் போட்டபடி.
நான் பிடித்ததிலேயே நல்லது அதுதான்.
கை பரபரத்தது. தட்டவில்லை.

அந்தப் புளுகத்தில் மெஷினை நிறுத்த மறந்தேன்.

ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் படிக்கட்டு.
பிறகு த்ரீவீல், பதினொரு நிமிடம் ஒரே சுருதியில்,
காலி வீதி, சாரதியின் மூக்குறிஞ்சல்.
எஞ்சின் நிற்கிறது.
டோர்ச் வெளிச்சத்துக்குச் சத்தம் இல்லை,
ஆகவே அந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

“பஹின்ன.”
பூட்ஸ். ஒன்று, பிறகு இன்னொன்று.
அட்டை புரள்கிறது. “கம கொஹேத?”
“யாப்பனய, சேர்.”

அந்தக் குரலை எனக்குத் தெரியாது.
மெல்லியது. நுனியில் சிரிப்பு ஒட்டியிருக்கிறது.
மிச்சக் காசு கேட்கத் தயங்குகிறவனின் குரல்.
வசனத்துக்கு வசனம் ஒரு சேர்.
எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது.

பிறகு கை, முதுகில்.
துணி உரசுகிறது, எல்லாச் சிம்பலையும் விடப் பெரிதாக.
வயரில் பட்டு நிற்கிறது.
அப்போது கேட்கும் இடிப்பு
என் நெஞ்சா அவனுடையதா,
இரண்டு காதிலும் இருக்கிறது.
“மேக்க மொ

டிஸ்க் நிறைந்துவிட்டது.
இது என்ன என்ற கேள்வியின் பாதியோடு.

மிச்சத்தை வாயால்தான் சொல்லவேண்டும்.
ஆளுக்கேற்ற மாதிரிச் சொல்லியிருக்கிறேன்.
ஒன்றில் அவன் இயர்போனைக் காதில் வைத்து
ரொமேனிக்குத் தலையாட்டுகிறான்.
இன்னொன்றில், விடியும் வரை
மணல் மூட்டைக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறேன்.
இரண்டும் நடந்தது.
எது முதல் என்பதுதான் நினைவில்லை.

போன மாசம் ரொமேனி மெல்பேணிலிருந்து கேட்டாள்,
அந்த இருட்டுப் பாட்டு யாரிடமும் இருக்கிறதா என்று.
அனுப்பினேன்,
ஐம்பத்தெட்டில் வெட்டி,
முதற்படியில் கால் வைக்கும் முன்பு.

நன்றி என்றாள். அழுதேன் என்றாள்.
கடைசிக் கைதட்டல் ஏன்
நடுவில் அறுகிறது என்றும் கேட்டிருந்தாள்.

பற்றரி, என்று எழுதினேன்.