இரண்டங்குலம்

டாரியா கொவால்சுக் பையைத் திறக்கும்போதே சொல்லிவிட்டாள்:
அம்மாவின் கல்யாணக் கவுன், நாற்பத்தெட்டாம் வருடம்.
நான் தலையாட்டவில்லை.
வினிபெக்கில், செல்கர்க் அவென்யூவில் கடை போட்டு ஒன்பது வருடமாகிறது.
வாய் சொல்லும் வருடமும் தையல் சொல்லும் வருடமும்
ஒத்துப்போய் நான் கண்டது குறைவு.

கவுனை உள்புறம் வெளியாகத் திருப்பினேன்.
துவைக்கும் விதம் சொல்லும் லேபிள் கிடையாது. நல்லது.
தையலோரம் பல்கத்தரியில் வெட்டியது. அதுவும் நல்லது.
தோளில் வைத்த பஞ்சு உருண்டு முடிச்சாகிக் கிடந்தது.
இடது விலாவில் ஜிப்:
நைலான்.

இழுத்தேன். முனகாமல் இறங்கியது.
நாற்பத்தெட்டில் அப்படி இறங்காது;
அன்றைக்கு உலோகப் பல், குளிரில் விரலைக் கடிக்கும்.
அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பின்பால்கனியில் நான்கு கம்பளிக் கோட்டு தொங்குகின்றன,
அந்துப்பூச்சி முட்டையோடு சாகட்டும் என்று.
இந்த ஊர்க் குளிர் எனக்குச் செய்யும் ஒரே உபகாரம்.

லென்ஸை எடுத்தேன்.
ஜிப்பின் ஓரம் கைத்தையல். நூல் பளபளத்தது, பாலியெஸ்டர்.
மற்ற இடமெல்லாம் பருத்தி.
கொஞ்சம் தள்ளி, சாட்டினில் ஒரு வரிசை வெற்றுத் துளைகள்,
எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி.
தடத்தில் களிம்பு, பித்தளையின் பச்சை.
துளைக்கும் தையலுக்கும் நடுவே ஓரங்குலம்.
வலது விலாவிலும் ஓரங்குலம் பிரித்து விட்டிருந்தது.

“கவுன் நாற்பத்தெட்டுதான்,” என்றேன். “அம்மா மறுபடி போட்டாரா?”
“இல்லையே. எப்போதும் பெட்டியில்தான்.”
“இடுப்பைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அறுபத்தைந்துக்கு அப்புறம்.”
அவள் விரல் மடக்கி எண்ணினாள்.
அப்பா ரயில் யார்டில் போனது அறுபத்தொன்று.
மடக்கிய விரல்களை நீட்டவேயில்லை.

பையில் ஷூவும் இருந்தது, வெள்ளை, கட்டைக் குதிகால்.
கையில் எடுத்ததும் அடிப்பகுதி ஈரமணலாக உதிர்ந்தது.
தேய்ந்ததால் அல்ல, அந்தப் பிளாஸ்டிக் அப்படித்தான்,
காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து உள்ளேயே செத்துவிடும்.
எழுபதுகளின் சரக்கு.
உள்தோலில் ஐந்து விரலும் ஆழமாகப் பதிந்திருந்தன.
அதற்கு நான் வருடம் சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை.

கம்பி ஹாங்கரில் மாட்டாதீர்கள், என்றேன்.
அமிலமில்லாத தாளில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம்.
வருடத்துக்கொரு தரம் மடிப்பை மாற்றி மடியுங்கள்,
ஒரே கோட்டில் மடித்த துணி
அந்தக் கோட்டில்தான் கிழியும்.

விற்கிறாளா என்று கேட்க வாய் வரவில்லை.
கையுறையைக் கழற்றிவிட்டு
அவள் ஜிப்பை ஏற்றினாள், இறக்கினாள்,
மறுபடி ஏற்றினாள்.