ஜனவரி இருபத்து மூன்று

கந்தப்பளைக்கு மேலே எங்கள் தோட்டத்து ஆபீசில்
மழைக்கென்று ஒரு புத்தகம் உண்டு.
காலை ஏழு மணிக்கு அளந்து எழுதுவது என் வேலை.
இன்று மானியின் வாயில் கண்ணாடித் தகடாய்ப் பனி.
நகத்தால் தட்டினேன். உருகி ஒரு சொட்டு.
ஒரு சொட்டுக்குக் கோடு கிடையாது.

இதே தேதியைப் பின்னால் புரட்டினேன்.

எழுபத்தொன்பது: பூச்சியம்.
ஓரத்தில் பென்சிலில், "உறைபனி. பதினோராம் மலை கருகிற்று."
வெந்நீர் ஊற்றினாற்போல் கிடந்திருக்கும் கொழுந்து.
அன்று எல்லாருக்கும் அரைப்பேர்தான் விழுந்திருக்கும்.

அறுபத்து மூன்று: ஒன்பது அங்குலம்.
இரண்டு அடிக்கோடு.
அளந்தவர் அசந்துபோயிருக்கிறார்.

அலமாரியில் அந்த வருசத்துச் செக்ரோலும் இருந்தது.
மறுநாள் பெரட்டுக்கு வராதவர்கள்:
சிலம்பாயி, ஒச்சம்மா, பெரியண்ணன்,
அவன் தம்பி செவத்தியான்.
நாலாம் நம்பர் லயம், நாலு பேரும்.
பெயருக்கு நேரே மாசம் முடியும்வரை
வட்டம், வட்டம், வட்டம்.
மழையில்லாத நாளுக்குப் போடும் அதே வட்டம்.
பெப்ரவரியில் பெயர்களும் இல்லை.

நாலாம் நம்பர் இருந்த இடத்தில் இப்போது
கவ்வாத்து வெட்டிய தேயிலை.

வெளியே கொழுந்துக்காரிகள் விறைத்த விரல்களை
வாயால் ஊதிக்கொண்டு ஏறுகிறார்கள்.
பூச்சியம் என்று பேனாவில் எழுதிவிட்டு
மேசை இழுப்பறையில்
பென்சிலைத் தேடினேன்.